மலையூரின் இரண்டாம் வாசல்

12 அக்டோபர் 1998, திங்கள்

தூறல். பாதி நியூ ஜெர்சிக்கு இன்று விடுமுறை, எங்களுக்கு இல்லை. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெரிசல் குறைவு, அவ்வளவுதான்.

புதிய ஊர் தொடங்கியாயிற்று. நாங்கள் செய்யும் சிடியில் இருப்பதெல்லாம் இத்தாலிய ஊர்கள், எல்லாம் நடுக்காலத்தவை, எல்லாம் குன்றின் மேல். இது கடைசி. பெயர் நீளம், வாயில் நுழையவில்லை. இங்கே மலையூர் என்றே எழுதிக்கொள்கிறேன்.

என் வேலை புகைப்படங்களைக் கோப்பது. மௌஸை அழுத்தினால் அடுத்த படம், ஊருக்குள் நடந்துபோவது போல. இப்போது படக்குறிப்புகளும் என் தலையில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு லிண்டா, அவள்தான் எடிட்டர், நீயே எழுது, நான் திருத்திக்கொள்கிறேன் என்றாள்.

இன்று பார்த்தவை:
கீழ் வாசல். வண்டி போகும் அகலம். கதவு இல்லை, கீல் இருந்த துளைகள் மட்டும்.
மதில். அடியில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறியவை. அடிக்கற்கள் இன்னும் பழைய காலத்தவையாம்.
சதுக்கம். தட்டையாக இல்லை, கிண்ணம் போல நடுவில் பள்ளம்.
ஊர் மன்றத்தின் சுவரில் முழக்கோல் அளவு கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். துணி வியாபாரி ஏமாற்றினால் இங்கே கொண்டுவந்து அளந்து பார்க்கலாம்.

நேற்றைய போனில் அப்பா பேசவில்லை. தூங்குகிறார் என்றாள் அம்மா. போன வாரமும் தூக்கம்தான். மாயவரத்தில் அப்போது மாலை விளக்கு வைக்கிற நேரம்.

14 அக்டோபர், புதன்

வெயில், ஆனால் குளிர். அலுவலகத்தில் ஹீட்டர் ஒருவழியாகப் போட்டார்கள்.

மலையூரின் கோபுரங்கள். பணக்காரக் குடும்பங்கள் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டன. அண்டைவீட்டான் கட்டியதைவிட உயரமாக. சண்டையில் தோற்ற குடும்பத்தின் கோபுரத்தை முழுக்க இடிப்பதில்லை, பாதியில் வெட்டி விட்டுவிடுவார்கள். தினமும் கண்ணில் படட்டும் என்று. படத்தில் அந்த மொட்டைக் கோபுரத்தின் மேல் யாரோ துணி உலர்த்தியிருக்கிறார்கள்.

வக்கீலுக்குப் போன் செய்தேன். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை ஜூனோடு முடிந்தது. இங்கேயே இருக்கும்வரை பிரச்சினை இல்லை, நீட்டிப்பு கையில் இருக்கிறது. வெளியே போனால் மறுபடி முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். சின்னக் கம்பெனி, தூதரகத்தில் கேள்வி கேட்பார்கள், கொடுக்காமலும் போகலாம் என்றார். கிரீன் கார்டு வேலை பாதியில் நிற்கிறது. போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. போனால் நான் பொறுப்பில்லை என்றார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தூங்கமாட்டாள். ப்ராஜெக்ட் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

17 அக்டோபர், சனி

ஜெசிந்தாவோடு ஓக் ட்ரீ ரோட்டில் சாமான் வாங்கினேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண், நர்ஸ், வாரத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. புளி, உளுந்து, தீபாவளிக்கு ஒரு டப்பா லட்டு.

கடையில் ராஜி ஆன்ட்டி, கோயிலில் பழக்கம். இவ்வளவு லட்டு யாருக்கு, மாப்பிள்ளை பார்த்தாச்சா என்றார். இல்லை என்றதும் டப்பாவைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கக் கார் வரை ஆனது.

மலையூர்க் கோயில் வாசலில் புனித கிறிஸ்தோபரை ஆளுயரத்துக்கு மேல் வரைந்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். ஏன் அவ்வளவு பெரிது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பார்த்த நாளில் திடீர்ச் சாவு வராது என்று நம்பிக்கை. உள்ளே வர நேரமில்லாதவன் கழுதை மேல் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போக வேண்டும், அதற்குத்தான்.

18 அக்டோபர், ஞாயிறு

அப்பா பேசினார்!

அம்மாதான் எடுத்தாள். வழக்கமான பேச்சு. நாளை தீபாவளி, புடவை எடுத்தாயிற்று, அண்ணா திருச்சியிலிருந்து வந்திருக்கிறான். பிறகு ஏதோ சலசலப்பு, "குடு, நான் பேசறேன்." குரல் காற்றோடு வந்தது. பல்செட் போடவில்லை போல.

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். குன்று மேல் ஓர் ஊர், எண்ணூறு வருஷம் பழசு, சுற்றிலும் மதில், அதைப் படமாகக் கோக்கிறேன் என்றேன்.

"மலை மேல தண்ணிக்கு என்னம்மா பண்ணாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கோபுரம் தெரியும், மதில் தெரியும், இது தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் அப்பா, அடுத்த ஞாயிறு என்றேன். சரி என்றார். அம்மா ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

இருபத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்த மனுஷர். எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் முதலில் குழாய் எங்கே என்று பார்ப்பார்.

20 அக்டோபர், செவ்வாய்

தண்ணீர். நகர நூலகத்தில் இரண்டு புத்தகம், ஒன்று பயனில்லை.

ஊற்று கிடையாது. மழைதான். கூரைகளிலிருந்து மண்குழாய் வழியாகச் சதுக்கத்துக்கு. சதுக்கம் ஏன் கிண்ணம் போல இருக்கிறது என்று இப்போது புரிகிறது. அதன் அடியில் முழுக்கத் தொட்டி. தண்ணீர் மணல் வழியாக வடிந்து இறங்கும். நடுவில் கிணறு போலத் தெரிவது கிணறே இல்லை, தொட்டியின் வாய். அதற்கு மூடி, மூடிக்குப் பூட்டு, சாவி மன்றத்தில். கோடையில் குறித்த நேரத்தில்தான் திறப்பார்கள். கழுதைக்குத் தண்ணீர் காட்டினால் அபராதம்.

அப்பாவுக்குப் பிடிக்கும். பூட்டுச் சங்கதி மிகவும் பிடிக்கும்.

22 அக்டோபர், வியாழன்

அண்ணா அலுவலகத்துக்குப் போன் செய்தான். அப்படிச் செய்வதே இல்லை. என்ன என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான். வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

அப்பா எப்படி என்றேன். நன்றாக இருக்கிறார், தீபாவளிக்கு உட்கார்ந்து சாப்பிட்டார் என்றான். உட்கார்ந்து. அந்த வார்த்தை சரியாக இல்லை. நான் வரட்டுமா என்றேன். "இப்ப எதுக்கு? ப்ராஜெக்ட்ட முடிச்சுட்டு நிதானமா வா." நானும் ஆமாம், ரொம்ப வேலை என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

பிற்பகல் முழுக்க மேல் வாசல். கொள்ளைநோய் வந்தபோது இதை அடைத்துவிட்டு, கீழ் வாசலில் மட்டும் காவல். வெளியே போகிறவரைத் தடுப்பதில்லை. போனவர் திரும்பினால் உள்ளே விடுவதில்லை, மதிலுக்கு வெளியே குடிசையில் நாற்பது நாள். அதற்குள் செத்தவர்கள் அங்கேயே. உள்ளே இருப்பவர் மதில் மேலிருந்து கூடையில் ரொட்டி இறக்குவார். இத்தனை காவலுக்குப் பிறகும் நோய் உள்ளே வந்தது. பாதி ஊர் போயிற்று. பெரிதாக்கத் தொடங்கிய கோயிலைக் கட்டி முடிக்க ஆளில்லை. ஒரே ஒரு நெடுஞ்சுவர் இன்னும் நிற்கிறது. அதில் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் வானம்.

குறிப்பு எழுத ஓடவில்லை. படத்தை மட்டும் கோத்துவிட்டு வந்தேன்.

25 அக்டோபர், ஞாயிறு

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு. அடுப்புக் கடிகாரத்தை மாற்றத் தெரியாமல் இருவரும் விட்டுவிட்டோம்.

அப்பா தூங்குகிறார். எழுப்பு என்றேன். வேண்டாம்மா, இப்போதுதான் கண்ணயர்ந்தார் என்றாள் அம்மா. அப்படியானால் நீ அவரிடம் சொல்லு என்று தண்ணீர் விஷயம் முழுக்கச் சொன்னேன். கூரை, மண்குழாய், மணல், தொட்டி, பூட்டு. அம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். எழுந்ததும் மறக்காமல் சொல் என்றேன். சொல்கிறேன் என்றாள்.

பின்னால் யாரோ இருமினார்கள். அப்பாவின் இருமல் மாதிரி இல்லை.

27 அக்டோபர், செவ்வாய்

காற்று. கார் நிறுத்துமிடம் முழுக்க மேப்பிள் இலை.

இன்று ஒரு வினோதம். மலையூரின் நடுத் தெருவில் பழைய வீடுகளுக்கு இரண்டு வாசல். ஒன்று அகலம், நாம் நுழைவது. பக்கத்திலேயே இன்னொன்று, ஒடுக்கம், ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். தெருவைவிட இடுப்பளவு உயரத்தில் தொடங்குகிறது. படி கிடையாது. இப்போது எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். செங்கல்லின் நிறம் வேறு என்பதால்தான் வாசல் இருந்ததே தெரிகிறது.

ஊரார் இதைச் சாவு வாசல் என்கிறார்கள். வீட்டில் யாராவது இறந்தால் அதைத் திறந்து சவப்பெட்டியை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அடைத்துவிடுவார்களாம். உயிரோடு இருப்பவர்கள் புழங்கும் வாசலில் சாவு நடக்கக் கூடாது.

லிண்டாவுக்கு நம்பிக்கை இல்லை. சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டிவிட்ட கதை, ஒரு சாவுக்காக யார் சுவரை இடிப்பார்கள் என்றாள்.

நாங்கள் இடிப்போம். அவளிடம் சொல்லவில்லை. நான் பள்ளியில் படித்தபோது எதிர்வீட்டில் அவிட்ட நட்சத்திரத்தில் ஒருவர் போனார். அடைப்பு என்றார்கள். பக்கச் சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்தார்கள். போனவருக்குத் திரும்பி வர வழி தெரியக் கூடாது. அவர் கிடந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைத்தார்கள். சுவரை மறுநாளே பூசினார்கள். அந்த இடம் மட்டும் வருஷக்கணக்கில் வேறு நிறமாக இருந்தது. நாங்கள் அதன் மேல் பந்தடிக்க மாட்டோம்.

30 அக்டோபர், வெள்ளி

காலை ஆறு. போன். அண்ணா.

அப்பா.

மூன்றரை மணிக்காம், அங்கே. நாளைக் காலை எடுக்கிறார்கள். நான் எதில் கிளம்பினாலும் முடியாது.

ஜெசிந்தா டியூட்டியிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தேநீர். சர்க்கரை போட மறந்துவிட்டாள். இருவரும் அப்படியே குடித்தோம்.

31 அக்டோபர், சனி

அம்மாவோடு பேசினேன். அங்கே மாலை, எல்லாம் முடிந்து குளித்தாயிற்று.

நட்சத்திரம் சதயம். அடைப்பு. பின்கட்டு அறையில் ஜன்னலுக்குக் கீழே சுவரை உடைத்து எடுத்தார்களாம். அண்ணா உள்ளே நின்று கொடுக்க, தெருக்காரர்கள் வெளியே நின்று வாங்கிக்கொண்டார்களாம். அறையைப் பூட்டியாயிற்று. மாலையில் வாசலில் விளக்கு மட்டும். ஆறு மாதம்.

அது என் அறை. அப்பா எப்போது அங்கே வந்தார் என்று கேட்டேன்.

அண்ணா போனை வாங்கினான். ஆகஸ்டிலிருந்து. சிறுநீரகம் இரண்டும். வாரம் இருமுறை டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூருக்குக் காரில். கூடத்தில் கொசு என்று என் அறைக்குப் படுக்கையை மாற்றினார்களாம். தூங்குகிறார் என்றதெல்லாம் தஞ்சாவூரில் இருந்த நாட்கள், அல்லது பேச முடியாத நாட்கள்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவ. அப்பாதான் சொல்லக் கூடாதுன்னார். நீயும்தான் வேலை வேலைன்னு சொன்ன."

அப்போதுதான் முத்திரை விஷயத்தைச் சொன்னேன். போனால் திரும்ப முடியாமல் போகலாம், அதனால்தான் வேலை என்றேன் என்று. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மாலு" என்றான். கோபம் இல்லை. நான் கேட்டதையேதான் அவனும் கேட்கிறான்.

ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம், கடைசிவரை.

மறுபடி அம்மா. "தண்ணி விஷயம் சொன்னேன். கேட்டுக்கிட்டார். பூட்டு போட்டாங்கன்னதும் சிரிச்சார்." பிறகு, "வரியா?" என்றாள்.

அம்மா இதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. எப்போதும் நீ வேலையைப் பார்த்துக்கோ என்பவள்.

ஐந்து மணியிலிருந்து ஹாலோவீன் மிட்டாய்க்குக் குழந்தைகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எலும்புக்கூடு உடுப்பில் ஒரு பையன், மூக்கு ஒழுகிக்கொண்டு. தீபாவளி லட்டு மிச்சம் இருந்தது. ஜெசிந்தா எடுத்து அவன் பையில் போடப் போனாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சாக்லேட்டையே போட்டாள்.

1 நவம்பர், ஞாயிறு

ராஜி ஆன்ட்டி வந்தார். ரசம், சாதம், அப்பளம். அப்பளம் நொறுங்காமல் இருக்கத் தனி டப்பா. சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நல்லவர். பிறகு கேட்டார், போகப் போகிறாயா என்று.

"ப்ராக்டிகலா சொல்றேம்மா. இனிமே போய் யாரைப் பார்க்கப் போற? எங்க மாமனார் போனப்போ நாங்க போகலை. இங்கயே கோயில்ல மோட்ச தீபம் போட்டோம். போனவங்களுக்கு விசா வேண்டாம், நமக்குத்தான் வேணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவருடைய மாமனார் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. கணவர் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

அவர் சொல்வது நியாயம்தான். அப்பாவைப் பார்க்க முடியாது. அறைக்குள் போக முடியாது. திரும்பி வர முடியாமலும் போகலாம். வேலை, இந்த வீடு, ஆறு வருஷம். ஒரு பக்கம் இவ்வளவு. மறு பக்கம் "வரியா?"

ஜெசிந்தாவிடம் கேட்டேன், நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று. கேட்டிருக்கக் கூடாது. அவளுடைய வீடு யாரும் போக முடியாத ராணுவ வளையத்துக்குள் இருக்கிறது. தகப்பனை எங்கே அடக்கினார்கள் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. நாளை கல்லறைத் திருநாள். இங்கே கோயிலில் பெயரைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடுவாள், அவ்வளவுதான்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்குப் போற பாதையே இல்லை. உமக்குத் திரும்பி வாற பாதைதான் சந்தேகம். ரெண்டும் ஒண்டில்லை, மாலதி."

2 நவம்பர், திங்கள்

டிக்கெட் எடுத்தேன். வியாழன் மாலை, நியூவர்க். சென்னையிலிருந்து ரயில். காரியத்துக்கு முன்னால் போய்விடலாம்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். எடுத்துப்போக வேண்டிய காகிதங்களைச் சொன்னார். லிண்டா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். வேலையை வைத்திருப்பாளா என்று கேட்டேன். தன்னால் முடிந்தவரை என்றாள். பொய் சொல்லாததற்கு நன்றி.

அம்மாவிடம் சொன்னதும் முதலில் கேட்டது, அந்த விசா என்ன ஆகும் என்று. தெரியாது அம்மா என்றேன். இனி எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சும்மா சொல்லக் கூடாது என்றேன். சரி என்றாள். பிறகு, முட்டி வலி தாங்கவில்லை என்றாள்.

4 நவம்பர், புதன்

கடைசி நாள் வேலை. மலையூர் முடிந்தது, அந்த ஒடுக்க வாசலின் குறிப்பு மட்டும் பாக்கி.

இரண்டாவது புத்தகத்தில் வேறு விளக்கம் இருக்கிறது. அது சாவு வாசலே இல்லையாம். கீழே கடை, மேலே வீடு. மேலே போக மர ஏணி வைத்து அந்த வாசலில் ஏறுவார்கள். இருட்டியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் திருடனோ எதிரியோ ஏற முடியாது. படித்தவர்கள் இதைத்தான் ஏற்கிறார்கள். நியாயமாகவும் இருக்கிறது.

திரையில் குறிப்புக்கான பெட்டிக்குள் இரண்டும் அடங்காது, ஒன்றை எடு என்றாள் லிண்டா. போன மாதமாக இருந்தால் ஏணியை எடுத்திருப்பேன். ஊரார் சொல்வதை வைத்தேன். யார் சுவரை இடிப்பார்கள் என்று கேட்டாயே, எங்கள் வீட்டில் சனிக்கிழமை இடித்தார்கள் என்றேன். அவள் குறிப்பில் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

சேர்த்ததும் கீழ் வாசலிலிருந்து ஒருமுறை நடந்து பார்த்தேன். மதில், மொட்டைக் கோபுரம், கிறிஸ்தோபர், சதுக்கம். தொட்டி வாயருகே கொஞ்ச நேரம் மௌஸை அழுத்தாமல் நின்றேன்.

எடுத்து வைக்க: பாஸ்போர்ட். வக்கீல் காகிதங்கள். அம்மாவுக்கு முட்டி உறை. அண்ணா கேட்ட பேட்டரி. வெள்ளைப் புடவை இல்லை, அங்கே பார்த்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகம் இரண்டும் ஜெசிந்தா திருப்பிவிடுவாள்.

வாடகை விஷயம், மின்சாரக் கட்டணம், கார் பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது, எல்லாம் அவளிடம் சொன்னேன். வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன். வீட்டுச் சாவியை நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீரே வைச்சிரும். திரும்பி வரேக்க நான் டியூட்டியில நிண்டா ஆர் உமக்குக் கதவு திறக்கிறது?"

சாவி கைப்பையில், பாஸ்போர்ட்டுக்கு அடியில்.